சிக்னல்காரரின் இரண்டாம் பக்கம்

மார்ச் 11

அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தையும் சுவரில் ஒட்டிவிடாதே. ஒட்டுவதாக இருந்தால் முன்கூட்டியே சொல், கொஞ்சம் நல்ல காகிதத்தில் எழுதித் தருகிறேன்.

சனிக்கிழமை எங்கள் மூக்குக்கண்ணாடிக் கடை ஆட்கள் எட்டுப் பேரையும் முதலாளி உங்கள் பூங்காவுக்கு அழைத்து வந்தார். நீ வேலை செய்கிற இடமாயிற்றே என்று எனக்குத் தலைவலி, வயிற்றுவலி எல்லாம் சொல்லிப் பார்த்தேன். அவர் விடவில்லை. 'கணவாய் வண்டி' என்ற அந்த ரோலர் கோஸ்டருக்கு முக்கால் மணி நேரம் வரிசையில் நின்றோம். வரிசை போகிற வழி முழுக்கப் பழைய மலை ரயில் நிலையம்போலச் செய்து வைத்திருக்கிறீர்கள். துருப்பிடித்த விளக்கு, ஈரம் படிந்த சுவர், யாரும் எடுக்க வராத பெட்டிகள். கம்பி வலைக்குப் பின்னால் சிக்னல்காரரின் அறை. மேஜையில் அவருடைய மூக்குக்கண்ணாடி. அது வெறும் பிளாஸ்டிக், பவரே இல்லை. அதைப் பார்த்து உள்ளுக்குள் சிரித்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் பக்கத்துச் சுவரைப் பார்த்தேன்.

எனக்கு முன்னால் நின்ற எங்கள் கடை விற்பனைக்காரன் அந்தப் பழுப்புக் கடிதத்தைச் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தான். "அக்காவுக்கு, நான் பேசத் தொடங்கியதை எல்லாம் நீதான் முடித்து வைத்திருக்கிறாய்..." கடைசி வரி வரை படித்துவிட்டு, "செமையா எழுதியிருக்காங்கடா, அழுவாச்சியா வருது" என்று பொய்யாக மூக்கைச் சிந்தினான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கடையில் நான் லென்ஸ் தேய்க்கிறவன், எண்களைத் தவிர எதையும் எழுதுவதில்லை. அதனால் அது என் கையெழுத்து என்று ஒருவனுக்கும் தெரியவில்லை.

பிறகு வண்டியிலும் ஏறினேன். உச்சியில் உங்கள் சிக்னல்காரர் பொம்மை கையைத் தூக்கி வாயைத் திறக்கிறது. குரல் வரவில்லை, மணிதான் அடிக்கிறது. அது யார் என்று எனக்குப் புரியாது என்று நினைத்தாயா?

அந்தக் கடிதத்தை எழுத எனக்கு நாலு நாள் ஆனது. பதில் வரவில்லை. கோபம் தீரவில்லை போலிருக்கிறது என்று ஐந்து வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். கோபப்படு, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பேச்சில் திக்குகிற எனக்குத் திக்காமல் பேச இருந்தது காகிதம் ஒன்றுதான். அதையும் நீ எடுத்துக்கொண்டாய்.

தம்பி


மார்ச் 16

தம்பிக்கு,

நீ என்ன சொல்கிறாய் என்றே எனக்குப் புரியவில்லை. எந்தக் கடிதம்? எப்போது எழுதினாய்? அம்மா நினைவுக் கூட்டத்தன்று சாயங்காலம் "என் வாயை நீயே வச்சுக்கோ" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாயே, அதற்குப் பிறகு உன்னிடமிருந்து எனக்கு ஒரு துண்டுச்சீட்டுகூட வந்ததில்லை. பிறந்ததிலிருந்து நீ திக்காமல் சொன்ன ஒரே வாக்கியம் அது. அதற்காகவே மறக்கமுடியவில்லை.

போன் செய்யலாம் என்று எடுத்தேன், வைத்துவிட்டேன். போன் என்றால் நான்தான் பேசுவேன், உனக்கே தெரியும்.

நீ மட்டும்தான் மனத்தாங்கல் வைத்திருக்கிறாய் என்று நினைக்காதே. உனக்குக் கல்யாணம் ஆனதை நான் எப்படித் தெரிந்துகொண்டேன் தெரியுமா? சித்தி மகன் பஸ்ஸில் பார்த்து, "என்னக்கா, தம்பி கல்யாணத்துல உங்களக் காணோமே?" என்றான். கால் சரியில்லை என்று சொல்லி மழுப்பினேன். அன்று இரண்டு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி வீட்டுக்கு நடந்தேன். இருப்பது ஒரு தம்பி, அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று அழுதுகொண்டே நடந்தேன். இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது, எழுதிவிட்டேன்.

கணவாய் வண்டியின் கதையை எழுதியது நான்தான். யார் அந்த சிக்னல்காரர், ஏன் தனியாக இருக்கிறார், அறையில் என்னென்ன கிடக்கும், அவர் அக்காவுக்கு என்ன எழுதுவார், எல்லாம் நான் எழுதிக் கொடுத்தது. ஆனால் அந்த அறையை அலங்கரித்து முடிக்கிற கடைசி மாதம் நான் சாரத்திலிருந்து விழுந்து கணுக்கால் உடைந்து ஆஸ்பத்திரியில் கிடந்தேன். திரும்பி வந்ததும் வேறு வேலையில் போட்டுவிட்டார்கள். அந்த வரிசையில் ஒருநாள்கூட நான் நின்றதில்லை. வேலைக்காரர்களுக்குப் பின்வாசல்.

நாளைக்கு நிற்கிறேன். டிக்கெட் வாங்கி, எல்லோரையும்போல.

அக்கா


மார்ச் 18

தம்பிக்கு,

உன் கடிதம்தான்.

வரிசை நகர்ந்துகொண்டே இருந்தது. எனக்குப் பின்னால் வந்தவர்களை எல்லாம் முன்னால் விட்டுவிட்டு அந்தக் கம்பி வலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மூன்று முறை படித்தேன். ஒரு அம்மா, "முன்னாடி போறீங்களா இல்லையா?" என்று கேட்டாள். நீங்க போங்க என்று கையால்தான் காட்டினேன்.

நேரே பட்டறைக்குப் போய்ப் பெயின்டர் அண்ணனைப் பிடித்தேன். காகிதத்தைப் பழசாக்குவதில் அவர் கெட்டிக்காரர். கெட்டி டீ டிகாக்‌ஷனில் முக்கி, இஸ்திரிப் பெட்டியால் தேய்த்து, ஓரத்தை மெழுகுவர்த்தியில் காட்டி, ஒரே மதியத்தில் புதுத்தாளுக்கு நூறு வயசாக்கிவிடுவார். நடந்தது இதுதான். பூங்காவுக்கு வரும் தபாலை எல்லாம் அலுவலகத்தில் பிரித்து, உறையைப் போட்டுவிட்டு, உள்ளே இருப்பதைப் பின் குத்தி அவரவர் மேஜைத் தட்டில் வைப்பார்கள். நான் வீடு மாறியதால் விலாசம் தெரியாமல் நீ இங்கே அனுப்பியிருக்கிறாய். நான் ஆஸ்பத்திரியில். அவர் சிக்னல்காரரின் கடிதத்தைத் தேடிக்கொண்டு என் மேஜைக்கு வந்திருக்கிறார். தட்டில் மேலாக இரண்டு தாள், "அக்காவுக்கு" என்று ஆரம்பிக்கிறது. நான் எழுதியிருந்தது இழுப்பறைக்குள்.

"நீ கையெழுத்தக்கூட மாத்தி எழுதியிருந்தியேம்மா, என்ன ஒரு வேலைன்னு நெனச்சேன்" என்றார். என்னைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு வந்தபோதே, "அந்தக் கடிதம் பிரமாதம்" என்று கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். நான் கட்டிலில் சாய்ந்துகொண்டு அந்தப் பாராட்டை வாங்கிக்கொண்டேன். நன்றி என்று வேறு சொன்னேன். என்னை எதால் அடிக்கலாம் சொல்.

நேற்று உண்மையைச் சொன்னதும் மனிதர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். தம்பியிடம் மன்னிப்புக் கேட்டதாக எழுதச் சொன்னார். எழுதிவிட்டேன்.

மேலே தெரிவது முதல் பக்கம் மட்டும்தான். "ஆனாலும் உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும்" என்பதோடு முடிகிறது. இரண்டாம் பக்கத்தை அதற்கு அடியில் வைத்துப் பலகையோடு சேர்த்து ஒட்டி, மேலே இரண்டு பூச்சு வார்னிஷ் அடித்துவிட்டாராம். என்ன கேட்டாய்? எனக்கு அது தெரிந்தாக வேண்டும்.

அக்கா


மார்ச் 29

அக்காவுக்கு,

உன் இரண்டு கடிதமும் கிடைத்தன. பெயின்டர் அண்ணனிடம் எனக்கு ஒன்றும் கோபமில்லை என்று சொல். என் கடிதம் ஒன்றுக்கு முதன்முதலாகக் கிடைத்த பாராட்டு அவருடையதுதான்.

நீ படிக்கவே இல்லை என்பதை நம்புகிறேன். நம்பியதும் நிம்மதியாக இருக்கும் என்று பார்த்தால், வேறு மாதிரி கஷ்டமாக இருக்கிறது. ஐந்து வருடக் கோபத்தை எங்கே கொண்டு போய் வைப்பது என்று தெரியவில்லை.

இரண்டாம் பக்கத்தில் என்ன இருந்தது என்று சொல்ல மாட்டேன். அது அந்த நேரத்துக்கு உரியது, நேரம் போய்விட்டது. என்ன நடந்தது என்பதை மட்டும் சொல்கிறேன். கல்யாணப் பதிவு முடிந்து ஒரு சின்னக் கூடத்தில் நாற்பது பேருக்குச் சாப்பாடு. அதற்கு முன்னால் நான் எழுந்து நாலு வார்த்தை பேசினேன். ஆமாம், நானே. அம்மாவைப் பற்றி. நினைவுக் கூட்டத்தில் பேச வைத்திருந்த அதே பேச்சு. அன்று நான் முதல் வார்த்தையிலேயே நின்றுவிட்டேன். அரை நிமிஷம்தான் ஆகியிருக்கும். நீ எழுந்து வந்து என் தோளில் கையை வைத்து, நான் சொல்ல இருந்ததை என்னைவிட அழகாகச் சொல்லிவிட்டாய். எல்லோரும் அழுதார்கள். உன்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். நான் உட்கார்ந்துவிட்டேன். அம்மாவுக்கு நான் சொல்ல வேண்டியது என் தொண்டையிலேயே இருந்துவிட்டது.

கல்யாணத்தன்று முன்வரிசையில் ஒரு நாற்காலியைக் காலியாக வைத்திருந்தேன். அதைப் பார்த்துத்தான் பேசினேன். நாலு நிமிஷப் பேச்சு பதினோரு நிமிஷம் ஆனது. சாப்பாடு ஆறிப்போனது. என் மனைவி ஒரு இடத்தில்கூட எனக்கு வார்த்தை எடுத்துக் கொடுக்கவில்லை. அவள் கண் பரிசோதிக்கிறவள். எதிரே உட்கார்ந்திருப்பவர் எழுத்தைக் கூட்டிப் படிக்கும்வரை காத்திருப்பதுதான் அவள் தொழிலே.

உங்கள் சிக்னல்காரர் நான்தானா இல்லையா, அதற்கு நீ பதில் சொல்லவில்லை.

தம்பி


ஏப்ரல் 6

தம்பிக்கு,

நீதான். வேறு யார்?

பேச்சே இல்லாமல் இருந்த வருடத்தில்தான் அந்தக் கதையை எழுதச் சொன்னார்கள். பாலம் உடைந்துபோன கணவாய், வண்டி வந்துகொண்டிருக்கிறது, தடுக்க ஒரே ஒரு ஆள். மேலிடத்தில் சொன்ன கதையில் அந்த ஆள் ஓடிவந்து "நிறுத்துங்க! நிறுத்துங்க!" என்று அலற வேண்டும். நல்ல கட்டைக்குரல் ஆள் ஒருவரையும் பேசி வைத்திருந்தார்கள். நான் முடியாது என்று நின்றேன். இந்த ஆளுக்கு அவசரத்தில் குரல் வராது, ஆனால் மணி அடிக்கத் தெரியும், அவர் அடித்தால் வண்டிக்காரர் புரிந்துகொள்வார் என்றேன். மூன்று கூட்டம் சண்டை போட்டேன். வண்டி பழைய சுரங்கப் பாதைக்குத் திரும்பித் தப்பித்துவிடும். தப்பித்துத்தானே ஆக வேண்டும், ஏறினவர்களைத் திருப்பி அனுப்ப வேண்டுமே. ஆனால் அந்த மணி அடிக்கிற இடத்தில் மட்டும் யாரையும் கைவைக்க விடவில்லை.

கதையில் இருந்தவனை அவன் பாட்டுக்கு இருக்க விட எனக்குத் தெரிந்திருக்கிறது. வீட்டில் இருந்தவனைத்தான் விடவில்லை.

அன்று நீ நின்ற அரை நிமிஷத்தை என்னால் தாங்க முடியவில்லை. உனக்காக என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன். உன் கடிதத்தைப் படித்த பிறகு யோசித்துப் பார்த்தால், எனக்காகத்தான். எல்லோரும் உன்னைப் பார்க்கிறார்களே என்று என் உடம்பு கூசியது. அதை நிறுத்தத்தான் எழுந்தேன். என்னை மன்னித்துவிடு. அம்மா விஷயத்தில் நான் செய்தது சின்னத் தப்பு இல்லை.

இப்போது உன்னைத் திகைக்க வைக்கிற ஒரு விஷயம். வரிசை முடிகிற இடத்தில் ஒரு தபால் பெட்டி பார்த்தாயா? அது வெறும் அலங்காரம். பொம்மைப் பெட்டி. ஆனால் அதற்குள் ஜனங்கள் சீட்டுப் போடுகிறார்களாம். கூட்டுகிற அம்மா சொன்னார், "ஆரம்பத்துலேருந்தே போடுறாங்கம்மா. தூக்கிப் போட மனசு வரல. பைல கட்டி வச்சிருக்கேன்." இரண்டு பை. எல்லாம் சிக்னல்காரருக்கு எழுதினது. டிக்கெட்டின் பின்பக்கத்தில், பிஸ்கட் அட்டையில், ஒன்று மருந்துச் சீட்டில்.

சிலதை இதோடு வைத்திருக்கிறேன். "அக்கா வந்தாங்களா சார்?" "என்ன கேக்கணுமோ கேட்டுடுங்க, கோவிச்சுக்க மாட்டாங்க." ஒரு குழந்தை பெரிய பெரிய எழுத்தில், "நான் வரட்டுமா?" நீலப் பேனாவில் இருப்பதை மட்டும் பத்திரமாக வை: "நானும் என் தம்பியும் மூணு வருஷமா பேசல. வரிசைல நின்னுட்டே இப்ப போன் பண்ணேன். எடுத்துட்டான்."

உன் கடிதத்துக்குப் பதிலே வரவில்லை என்கிறாய். ஊரே போட்டிருக்கிறது, நான் ஒருத்தி தவிர.

பலகையைக் கழற்றித் தரச் சொல்லி மேலாளரிடம் கேட்டேன். வருகிறவர்கள் அதைத்தான் நின்று படிக்கிறார்கள், எடுக்க முடியாது என்கிறார். ஜூனில் இரண்டு வாரம் வண்டியை நிறுத்திச் சக்கரம், தண்டவாளம் எல்லாம் பார்ப்பார்கள். அப்போது மறுபடி கேட்பேன். ஆனால் நீ வேண்டாம் என்றால் தொட மாட்டேன்.

அக்கா


மே 20

அக்காவுக்கு,

பதில் தாமதமானதற்குக் கோபம் காரணமில்லை. வீட்டில் ஒரு விஷயம்.

பாப்பாவுக்கு மூன்றரை வயசாகிறது. உன் மருமகள். நீ பார்த்ததில்லை. வாயாடி, உன்னைக் கொண்டு பிறந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொள்வேன். போன மாதத்திலிருந்து அவளுக்கு வார்த்தை நிற்கிறது. முதல் எழுத்திலேயே மாட்டிக்கொண்டு, கண்ணை இறுக்கி, காலைத் தரையில் தட்டுகிறாள். நானும் அப்படித்தான் தட்டுவேன் என்று நீ சொல்வாயே. டாக்டரிடம் காட்டினோம். இந்த வயசில் நிறையப் பேருக்கு வந்து போவதுதான், போகலாம், இருக்கலாம், அவசரப்படுத்தாதீர்கள் என்றார். மனைவி தலையாட்டினாள். நானும் ஆட்டினேன்.

முந்தாநாள் காலை செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். "அப்பா, எ... எ... எ..." என்று நின்றாள். எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. ஐந்து நொடிகூட இருக்காது. "என்கூட வெளிய வரணுமா, வா போலாம்" என்று சொல்லிவிட்டேன். அவள் என்னையே பார்த்தாள். பிறகு செருப்பைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அவள் கேட்க வந்தது அது இல்லை. என்ன என்று அப்புறம் எத்தனை கேட்டும் சொல்லவில்லை.

திக்குகிறவன் நான், நானே முடித்து வைத்தேன் அக்கா. நீ அன்றைக்கு எழுந்தது ஏன் என்று எனக்குப் புரிந்துவிட்டது. நீ ஏப்ரலில் எழுதினது அத்தனையும் அப்படியே என் உடம்பிலும் நடந்தது.

பலகையைக் கழற்று. இரண்டாம் பக்கம் உனக்கு எழுதினது, எடுத்துக்கொள். முதல் பக்கம் அங்கேயே இருக்கட்டும். சீட்டுப் போடுகிறவர்களை ஏன் ஏமாற்ற வேண்டும்?

தம்பி

நீலப் பேனா சீட்டு என் சட்டைப் பையிலேயே இருக்கிறது.


ஜூன் 9

தம்பிக்கு,

முதல் பக்கத்தைத் திரும்ப வைத்துவிடுவோம் என்றதும் மேலாளர் சரி என்றுவிட்டார். நேற்று பலகையைப் பட்டறைக்குக் கொண்டுவந்தோம். வண்டி ஓடாத பூங்கா ஒரு மாதிரி இருக்கிறது. யாரும் கத்தவில்லை. பெயின்டர் அண்ணன் கெட்டிலில் தண்ணீர் கொதிக்க வைத்து, அதன் மூக்கு வழியாக வரும் ஆவியில் பலகையைக் காட்டிக் காட்டி, சவரம் செய்கிற பிளேடால் ஓரத்தை நெம்பினார். மூன்று மணி நேரம். மூச்சு விட்டால்கூடத் திட்டினார். தான் ஒட்டினதைத் தானே பிரிக்கிற வேலை அவருக்கு இதுவரை வந்ததில்லையாம்.

வந்துவிட்டது. முழுசாக வரவில்லை. மேல்பாதி தெளிவாக இருக்கிறது. கல்யாணத் தேதி, கூடத்தின் விலாசம், அம்மாவைப் பற்றி நீயே பேசப் போவது, எல்லாம் படித்தேன். அதற்குக் கீழே இப்படி இருக்கிறது: "நீ முன்வரிசையில் உட்கார வேண்டும். நான் நின்றுபோவேன், நிச்சயம் நிற்பேன். அப்போது எழுந்து வராதே. என்னையே பார்த்துக்கொண்டு"

அவ்வளவுதான். கடைசி மூன்று வரியைப் பசை தின்றுவிட்டது. பலகையோடு போய்விட்டது.

நீ கேட்டதை ஐந்து வருடம் கழித்துப் படிக்கிறேன். அந்த நாற்காலி எனக்கு என்று தெரிந்திருந்தால் உடைந்த காலோடு நொண்டிக்கொண்டாவது வந்திருப்பேன். காலி நாற்காலியைப் பார்த்துப் பதினோரு நிமிஷம் பேசினாயே என்று நினைத்தால் பட்டறையில் உட்கார முடியவில்லை. வெளியே போய் நின்றுவிட்டு வந்தேன்.

பெயின்டர் அண்ணன் என்னிடம், "மிச்சம் என்ன இருந்திருக்கும்னு உனக்குத் தெரியாதா, கதை எழுதுறவதானே நீ?" என்றார். தெரியாமலா? அந்த வாக்கியத்தை முடிக்க என் வாயில் பத்து முடிவு தயாராக இருக்கிறது. ஒன்றைவிட ஒன்று அழகாக இருக்கிறது. அதில் ஒன்று நிச்சயம் நீ எழுதினதாகவும் இருக்கும்.

நான் எழுதவில்லை, சொல்லவும் இல்லை. அந்த வாக்கியம் நின்ற இடத்திலேயே நிற்கட்டும். நீ எப்போது முடிக்கிறாயோ அப்போது கேட்டுக்கொள்கிறேன்.

அக்கா


ஜூன் 14

அக்காவுக்கு,

அந்த மூன்று வரி எனக்கு மனப்பாடம். கடிதத்தில் எழுத மாட்டேன். நேரில் வாயால் சொல்கிறேன். வரும் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வீட்டுக்கு வா. இதுவரை நீ எழுதினதெல்லாம் கடை விலாசத்துக்குத்தானே. வீட்டு விலாசம் உறையில் இருக்கிறது, உங்கள் அலுவலகத்தில் உறையைத் தூக்கிப் போடுவார்கள் என்பதால் இங்கேயும் ஒருமுறை அடியில் எழுதியிருக்கிறேன்.

அத்தை வரப்போகிறாள் என்று பாப்பாவிடம் சொல்லிவிட்டேன். நேற்று முழுக்க யோசித்துவிட்டு, அத்தையிடம் ஒன்று கேட்க வேண்டும் என்று ஆரம்பித்தாள். அதைச் சொல்லி முடிக்கவே நேரம் ஆனது. என்ன கேட்கப் போகிறாள் என்று எங்களுக்குத் தெரியாது. அவள் அம்மாவும் கேட்கவில்லை. நானும் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்கவில்லை.

ஆக, அன்று உன்னிடம் இரண்டு பேர் பேசப்போகிறோம். மதியம் வேறு வேலை எதுவும் வைத்துக்கொள்ளாதே. ஜன்னல் பக்கம் ஒரு நாற்காலி போட்டு வைத்திருக்கிறேன், பாப்பா அதில் யாரையும் உட்கார விடுவதில்லை.

தம்பி